கல்யாணமும் இடப்பெயர்வுதான்

அன்புள்ள ஐயா,

வேலூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காக வெளியேறியவர்களைப் பற்றிய ஆய்வு. சொந்த ஊர் தள்ளுகிறது, வெளியூர் இழுக்கிறது என்ற எவரெட் லீயின் உந்து-ஈர்ப்பு விளக்கமா, வெளியேறுவதைக் குடும்பமாகச் சேர்ந்து முடிவு செய்கிறார்கள் என்ற ஒடெட் ஸ்டார்க்கின் குடும்ப அணுகுமுறையா, எதை வைப்பது? கல்யாணமாகிப் போன பெண்களை நெறியாளர் சொன்னபடி விட்டுவிட்டேன். ராணிப்பேட்டைக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்களை ஓர் அத்தியாயமாகச் சேர்க்கலாமா?

ச., வேலூர்

அன்புள்ள ச.,

லீயா ஸ்டார்க்கா என்பதைக் கிராமங்களுக்குப் போய்வந்த பிறகு முடிவு செய்யுங்கள். ராணிப்பேட்டை தனி ஆய்வு, ஓர் அத்தியாயத்தில் அடங்காது.

உறுத்துவது அந்த இன்னொரு வரி. கல்யாணமாகிப் போன பெண்களை 'விட்டுவிட்டேன்' என்று எப்படி எழுத மனம் வந்தது? இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ராவன்ஸ்டீன் 1885லேயே சொல்லிவிட்டார், ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள் என்று. நம் 2011 கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தோர் 45 கோடிக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதிய காரணம் கல்யாணம். அத்தனை பேரையும் தள்ளிவிட்டுச் சமூக மாற்றத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்?

என் அத்தையைக் குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு வட ஆர்க்காட்டுத் தலித் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குப் போன ஊர் அது. மாமா குழிக்குள் இறங்கினார். அத்தை லயன் வீட்டில் விடியுமுன் இட்லி அவித்து ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு விற்றார். அயோத்திதாசர் காலத்திலிருந்து பௌத்தம் வேர்பிடித்த இடம் என்பதால் மாரிக்குப்பம் கூட்டங்களுக்கும் போய் உட்காருவார். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

என் அக்காவை எட்டாவதோடு நிறுத்தியபோது ரயிலேறி வந்துவிட்டார். "பொண்ணு படிக்கட்டும்டா, நான் தரேன்" என்று அப்பாவோடு மல்லுக்கட்டி, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். எல்லாம் கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள், புளித்த மாவு வாடையோடு. எங்கள் தெருவில் பள்ளி இறுதி முடித்த முதல் பெண் என் அக்கா.

உங்கள் வினாப்பட்டியலில் இதை நிரப்பிப் பாருங்கள். மாமா: வேலை. அத்தை: கல்யாணம். அத்தையின் வருமானம்: இல்லை. அக்காவின் படிப்புக்கு அதில் கட்டமே கிடையாது. ஊருக்கு வருவது பணம் மட்டுமல்ல, எண்ணங்களும் பழக்கங்களும்தான் என்று சமூகவியலாளர் பெகி லெவிட் 1998இல் எழுதியதை நீங்களும் மேற்கோள் காட்டத்தான் போகிறீர்கள். அந்த எண்ணங்களைச் சுமந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு அதைக் காட்டி என்ன பயன்?

குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வாக்கப்பட்டு வந்தவரிடம், மாமியார் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். இங்கே வந்து என்னென்ன வேலை செய்தீர்கள், அந்தக் காசு யார் கைக்குப் போனது, பிறந்த வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று. காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களிடமிருந்தே தொடங்கலாம். அவர்களில் பலர் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர்கள்தான்.

நல்ல ஆய்வு செய்யக்கூடியவர் நீங்கள், அதனால்தான் இவ்வளவு கோபம். ராவன்ஸ்டீனை அச்செடுத்து நெறியாளர் மேசையில் வையுங்கள். அப்போதும் ஒப்பாவிட்டால் எழுதுங்கள், நானே வந்து பேசுகிறேன்.