நியூஸும் வேணுமாம், காமெடியும் வேணுமாம்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள்: “நியூஸும் வேணும்ங்கிறான், காமெடியும் வேணும்ங்கிறான். ரெண்டுல எதுவும் உருப்படாதுன்னு இவங்க அப்பா சொல்றார்.” பிளஸ் டூ முடிக்கப் போகும் பையன், ரீல்ஸ் போட்டுத் தெருவையே சிரிக்க வைக்கிறான், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேரணும் என்று அடம். அப்பாவுக்குக் கவுன்சிலிங்கில் நல்ல காலேஜில் ஒரு பி.இ. சீட். இதுதானே வீட்டு நிலவரம்?

நியூஸையும் காமெடியையும் உங்கள் வீட்டில் இரண்டு வேலையாகப் பார்க்கிறீர்கள். ஒரே வேலையாகப் பார்த்துப் பிழைத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆண்டி ரூனி. அமெரிக்காக்காரர், 1919இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ என்ற செய்தி நிகழ்ச்சியில் கடைசிச் சில நிமிடங்கள் அவருடையவை. புருவம் புதர் மாதிரி மண்டியிருக்கும் ஒரு கிழவர், தானே மரம் இழைத்துச் செய்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எதைப் பற்றியாவது சலித்துக்கொள்வார். ஊரே சிரிக்கும். பையனுக்கு அந்த முகத்தைக் காட்டலாம். ஆனால் அந்த இடத்துக்கு அவர் எப்போது வந்தார் என்பதை நீங்களும் அப்பாவும் கவனிக்க வேண்டும். 1978 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 59.

அதுவரை என்ன செய்தார்? கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, 1941இல், இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில், கட்டாயமாக ராணுவத்துக்குப் பிடித்துப் போனார்கள். முதலில் பீரங்கிப் படை. பிறகு லண்டனில் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ என்ற ராணுவப் பத்திரிகையில் நிருபர். தொழிலைக் கற்றது அங்கேதான். 1943 பிப்ரவரியில் ஜெர்மனிமேல் குண்டு வீசப் போன விமானங்களில் ஆறு நிருபர்கள் ஏறிப் போனார்கள். ரூனி அதில் ஒருவர். பின்னாளில் தொலைக்காட்சிச் செய்தியாளராகப் புகழ்பெற்ற வால்டர் கிரான்கைட்டும் கூட இருந்தார். ஆறு பேரில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. போர் முடியும் சமயத்தில் நாஜி வதை முகாம்களையும் நேரில் பார்த்தார். பின்னால் கதவு, நாற்காலி என்று எழுதிச் சிரிக்க வைத்த ஆளுக்குப் பயிற்சி இப்படித்தான் ஆரம்பித்தது. பார்த்ததை மட்டும் எழுது, சுருக்கமாக எழுது, கெடு தாண்டாதே. நகைச்சுவைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

போர் முடிந்து வந்தவருக்கு நிலையான வேலை இல்லை. 1949இல் சிபிஎஸ் கட்டடத்து லிஃப்டில், அன்றைய வானொலி, தொலைக்காட்சியின் பெரிய நட்சத்திரம் ஆர்தர் காட்ஃப்ரேயைப் பார்த்து, உங்கள் நிகழ்ச்சியில் எழுத்து இன்னும் நன்றாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். காட்ஃப்ரே வேலை கொடுத்துவிட்டார். (உங்கள் பையன் இதைப் படித்துவிட்டு லிஃப்டில் யாரையும் மடக்க வேண்டாம். ரூனி அதற்குள் ஏழெட்டு வருஷம் எழுதித் தேறியிருந்தார்.) அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவர் செய்தது பிறர் வாயில் வரும் வசனத்தை எழுதுவது. காட்ஃப்ரேக்கு, கேரி மூர் என்ற நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கு, 1962 முதல் ஹாரி ரீசனர் என்ற செய்தியாளருக்கு. கதவுகள் பற்றி, பாலங்கள் பற்றி, ஓட்டல்கள் பற்றி ரூனி எழுதித் தயாரிப்பார். திரையில் பேசுபவர் ரீசனர். 1968இல் கறுப்பின மக்களின் வரலாறு பற்றிய ஆவணப் படத்துக்கு எழுதி, தொலைக்காட்சிக்குத் தரும் எம்மி விருது வாங்கினார். அதிலும் திரையில் வந்த முகம் வேறொருவருடையது.

அப்பாவுக்கு இந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டச் சொல்வேன். இந்தத் துறையில் சம்பளம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. சேனலில் ஆங்கர் பேசும் வரிகள், விளம்பரம், யூடியூப் நிறுவனங்களின் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். முகம் தெரியாமல் பத்து வருஷம் எழுத மனசு இருக்கிறதா என்பதுதான் பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி. முகம் மட்டும்தான் வேண்டும் என்றால், அது வேறு பாதை. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம், அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

ரூனி திரைக்கு வந்ததே ஒரு சண்டையால். போரைப் பற்றி அவர் எழுதிப் படமாக்கிய கட்டுரையை ஒளிபரப்ப சிபிஎஸ் மறுத்தது. 1970இல் வேலையை விட்டார், அந்தப் படத்தைத் தன் காசு போட்டு வாங்கினார், பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் 1971இல் தானே வாசித்தார். சில வருஷத்தில் சிபிஎஸ்ஸுக்கே திரும்பினார். ‘60 மினிட்ஸ்’ வந்த பிறகும் எழுத்தை விடவில்லை. பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு ஒரே சமயத்தில் போகும் பத்தி ஒன்றும் 1979 முதல் எழுதினார். 2011 அக்டோபரில் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியிலிருந்து விடைபெற்றபோது அங்கே அவர் வாசித்தது 1097ஆவது கட்டுரை. ஒரே மாதத்தில் இறந்தும் போனார், 92 வயதில்.

சறுக்கல்களும் உண்டு. 1990இல் அவர் சொன்னதாக வெளியான சில கருத்துகளுக்காக சம்பளமில்லாமல் மூன்று மாதம் நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள், ஆனால் சில வாரங்களிலேயே திரும்பக் கூப்பிட்டார்கள். 1994இல் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டபோது இளக்காரமாகப் பேசிவிட்டு, குவிந்த கடிதங்களைப் பார்த்து மறுவாரமே மன்னிப்புக் கேட்டார். ரீல்ஸ் போடும் பையனுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். மாமாவின் வழுக்கையைக் கிண்டல் செய்து அவன் போட்ட வீடியோவை நானும் பார்த்தேன். கை ஓடுகிறது, ஆனால் மாமாவிடம் கேட்டுப் போட்டானா?

இனி படிப்பு. விஸ்காம் தப்பில்லை, ஆனால் கேமராவும் எடிட்டிங்கும் சொல்லித் தருகிற அளவுக்கு எல்லாக் கல்லூரியிலும் எழுத்து சொல்லித் தருவதில்லை. சேர்வதற்கு முன் சீனியர்கள் எழுதியதை வாங்கிப் பாருங்கள். வரலாறு, பொருளாதாரம், தமிழ், ஆங்கிலம் என்று ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டு இதழியலுக்குப் போவது இன்னும் உறுதியான வழி என்பது என் எண்ணம். சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், ஒரு வருஷப் படிப்பு. ஆங்கிலம் நன்றாக வர வேண்டும், கட்டணமும் லேசுப்பட்டதல்ல. பி.இ. படித்தாலும் அந்தக் கதவு மூடாது. ஆனால் கணக்கே பிடிக்காத பையனை நான்கு வருஷம் அதில் உட்கார வைத்தால் அரியர்தான் சேரும். சமாதானத்துக்காக மட்டும் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் படிக்கட்டைப் பற்றி முந்நூறு வார்த்தை. போனில் பார்த்து எழுதக் கூடாது. ஒரு வாரம் காலையில் போய் நிற்கணும், யார் ஏறுகிறார்கள், யார் தொங்குகிறார்கள், கண்டக்டர் என்ன கத்துகிறார் என்று நோட்டில் குறிக்கணும். நாலு பேரிடம் பேசணும். பிறகு அது சிரிப்பாக வந்தால் வரட்டும், வராவிட்டால் உள்ளதை எழுதட்டும். அவன் சலித்துக்கொண்டு மூன்றாம் நாள் நின்றுவிட்டானா, நோட்டு தீர்ந்துபோய் இன்னொன்று கேட்டானா என்பதை எனக்குச் சொல்லுங்கள். மார்க்கைவிட எனக்கு அது முக்கியம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாளை அவர்தான் முதலில் படிக்கணும்.