கால்பந்துத் திறமை ரத்தத்தில் வருமா? இத்தாலியின் மால்தீனி குடும்பத்தில் மூன்று தலைமுறை எப்படி ஆடியது?

ரத்தம் மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடல்வாகு பெற்றோரிடமிருந்து வரலாம். ஆனால் பந்தைப் படிக்கும் கண் பழக்கத்தில் வருவது.

தாத்தா சேசரே நடுத் தடுப்பாட்டக்காரர். 1963-இல் லண்டன் வெம்ப்ளியில் போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாவை 2-1 என வீழ்த்தி, இத்தாலிய கிளப் ஏசி மிலானுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வாங்கித் தந்த கேப்டன். சரியாக 40 ஆண்டு கழித்து, 2003-இல், மகன் பாவ்லோ அதே கோப்பையைக் கேப்டனாகத் தூக்கினார். அதுவும் இங்கிலாந்து மண்ணில்தான், மான்செஸ்டரில்.

பாவ்லோவுக்கு வலது காலே இயல்பு. ஆனாலும் இடது ஓரத்தில் ஆடி உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரானார். இதை எந்த மரபணு கொடுத்தது? 16 வயதில் அறிமுகமாகி, மிலானுக்காக மட்டும் 902 ஆட்டங்கள். 1998 உலகக் கோப்பையில் இத்தாலியின் பயிற்சியாளர் அப்பா, கேப்டன் மகன். சிபாரிசு என்று யாரும் சொல்லிவிட முடியாது, அவர் ஆட்டம் அப்படி.

பேரன்களைப் பாருங்கள். மூத்தவர் கிறிஸ்டியனும் தடுப்பாட்டக்காரர்தான். அதே மிலான் இளையோர் அணியில் வளர்ந்தும் கீழ்நிலை லீக்குகளோடு நின்றுவிட்டார். இளையவர் டேனியல் தடுப்பாட்டக்காரரே இல்லை, தாக்குதல் ஆட்டக்காரர். 2024 அக்டோபரில் இத்தாலிக்காக முதன்முதலாகக் களமிறங்கினார். ஒரே வீடு, ஒரே பயிற்சிக்கூடம், அண்ணன் தம்பிக்கே இரண்டு வழி.

பாவ்லோவின் 3-ஆம் எண் சட்டையை மிலான் ஒதுக்கி வைத்திருக்கிறது. அவர் மகன்கள் முதல் அணிக்கு ஆடினால் மட்டும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. டேனியல் மிலானில் அணிந்ததோ 27.