பெரிய வீல் பிஎம்எக்ஸ்: வாங்குவோர் கேட்டவை

மண்மேடு தாவ ஏற்ற சைக்கிள் பிஎம்எக்ஸ்; அதில் 20 அங்குலத்துக்கு மேற்பட்ட வீல் உள்ளதை க்ரூசர் என்பார்கள். இந்த பிஎம்எக்ஸ் க்ரூசர் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. பள்ளியில் படிக்கும்போது 20 அங்குல பிஎம்எக்ஸ் ஓட்டியவன். இப்போது 24, 26, 29 அங்குலத்திலெல்லாம் வருகிறது. இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். வாங்கினால் எந்த அளவு?

வயதுக்காகத் தயங்கவே வேண்டாம். 1970 வாக்கில் தெற்குக் கலிஃபோர்னியச் சிறுவர்கள் மோட்டோகிராஸ் என்னும் மண்தட மோட்டார்சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, 20 அங்குல ஷ்வின் ஸ்டிங்ரே சைக்கிளில் மண்மேடு தாவ ஆரம்பித்ததுதான் பிஎம்எக்ஸ். ஸ்காட் பிரைட்ஹாப்ட் என்ற பையன் 13 வயதில் லாங் பீச்சில் பந்தயமே நடத்தினான். வளர்ந்த பிறகு 1977-ல் எஸ்இ ரேசிங் என்ற சைக்கிள் கம்பெனியைத் தொடங்கியதும் அவர்தான். தாவிய சிறுவர்கள் எல்லாம் வளர்ந்து, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கத் தொடங்கியபோது பெரிய வீல் வந்தது. 26 அங்குலத்தில் எஸ்இ விட்ட வண்டியின் பெயர் ஓஎம் ஃப்ளையர். ஓஎம் என்றால் 'ஓல்டு மேன்'. கிழவன் வண்டி என்று கம்பெனிக்காரனே பெயர் வைத்துவிட்டான், 43-ல் நீங்கள் கூச்சப்பட என்ன இருக்கிறது?

அளவு விஷயம், நீங்கள் அதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்தயத் தடம், பம்ப் டிராக் (மிதிக்காமல் உடம்பை அமுக்கி எழுப்பியே ஓட்டும் மேடுபள்ளத் தடம்), மண்மேடு என்றால் 24. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ விதிப்படி டயரோடு சேர்த்த விட்டம் 22.5 அங்குலத்தைத் தாண்டினால் அது க்ரூசர் பிரிவு.  தொடக்கக் கேட் விழுந்ததும் சட்டென்று எகிற வேண்டிய ஆட்டத்தில் 24-க்கு மேற்பட்ட வீல் சோம்பேறி. அதனால் தடத்தில் பார்ப்பதெல்லாம் 24 தான். பிள்ளையைப் பந்தயத்துக்குக் கூட்டிவந்து ஓரமாக நின்ற அப்பா அம்மாக்கள் ஒரு கட்டத்தில் தாங்களே இறங்கிவிடுவதும் இந்தப் பிரிவில்தான். 2008 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் பிஎம்எக்ஸ் பந்தயம் 20 அங்குலத்துக்கு மட்டும்.

தெருவில் சும்மா சுற்ற, நண்பர்களோடு போக, வீலி (முன்வீலைத் தூக்கிப் பின்வீலில் மட்டும் ஓட்டுவது) பழக என்றால் 29. குழியும் மேடும் அவ்வளவாகத் தெரியாது, உயரமானவர்களுக்கும் உடம்பு மடங்காது. 26 இரண்டுக்கும் நடுவே. சராசரி உயரம் உள்ளவர், ஒரே வண்டியில் கொஞ்சம் தாவவும் வேண்டும், கொஞ்சம் சுற்றவும் வேண்டும் என்றால் நான் 26 என்றுதான் சொல்வேன். விளம்பரத்தில் 29-க்கு இருக்கும் மவுசு 26-க்கு இல்லை, அது வேறு கதை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தினமும் வேலைக்குப் போக இதை வாங்காதீர்கள். ஒரே கியர், தாழ்ந்த சீட், 29 அங்குல வண்டி என்றால் எடையும் 14 கிலோ பக்கம் வரும். சீட் கம்பியை ஏற்றினாலும் அதில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. உட்கார்ந்தே நெடுந்தூரம் மிதித்தால் முழங்கால் ஒரே வாரத்தில் பேச ஆரம்பித்துவிடும்.

கேள்வி: என் க்ரூசருக்கு 24 அங்குல டயர் வாங்கினேன். ரிம்மில் ஏறவே இல்லை. கடைக்காரர் '24 என்றுதானே கேட்டீர்கள்' என்கிறார். யார் மேல் தப்பு?

பாதி கடைக்காரர் மேல், பாதி இந்த அங்குலக் கணக்கின் மேல். 24 அங்குலம் என்ற பெயரில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல ரிம்கள் உண்டு. அங்குலத்தை விடுங்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 50-507 என்பது போல இரண்டு எண்கள் சின்னதாகப் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால்தான் டயர் ஏறும்.

24 × 1.75, 24 × 2.1 என்று புள்ளி வைத்து எழுதியது பொதுவாக 507. வழக்கமான பிஎம்எக்ஸ் க்ரூசருக்கு இதுதான். 24 × 1 3/8 என்று பின்னமாக எழுதியிருந்தால் பெரும்பாலும் 540, சக்கர நாற்காலிக்குப் போடுவது. எடை குறைந்தவர்கள் பந்தயத்தில் போடும் ஒல்லி 24 × 1 1/8 டயர் 520. மூன்றுக்கும் பெயர் 24 தான்! 20 அங்குலத்திலும் இதே கூத்து உண்டு: சாதாரணம் 406, ஒல்லி 451. 26-ல் புள்ளி போட்டது 559, 26 × 1 3/8 என்றால் பெரும்பாலும் 590. 29-ல் இந்தத் தொல்லை இல்லை, அது 622.

டயரை மாட்டி ஓட்டவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் லீவரைப் போட்டு நெம்பி ஓரக் கம்பியை வளைத்திருந்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி: 'குரோமோலி ஃபிரேம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. விலை மட்டும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. நம்பலாமா?

ஸ்டிக்கரை முழுதாகப் படியுங்கள். குரோமோலி என்பது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான எஃகு. 'ஃபுல் 4130 குரோமோலி' என்றால் ஃபிரேமின் எல்லாக் குழாய்களும் அந்த எஃகு. 'குரோமோலி டவுன் டியூப்' என்றால் கீழ்க்குழாய் ஒன்று மட்டும், மீதி ஹைடென் என்னும் சாதாரண எஃகு. பொய் இல்லை, ஆனால் படிப்பவர் தானாக ஏமாந்துகொள்ளட்டும் என்ற எழுத்து.

அலுமினியம் என்றால் மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். பந்தய க்ரூசர்களிலும் பெரிய வீல் தெரு வண்டிகளிலும் அலுமினிய ஃபிரேம் சகஜம். எடை குறையும், துருப்பிடிக்காது. உயரத்திலிருந்து பொத்தென்று விழுந்து எழும் ஆட்டம் என்றால் குரோமோலி பக்கம் போங்கள், வளைந்து எச்சரித்துவிட்டு உடையும் குணம் அதற்கு. ஆனால் ஃபிரேம் எதுவானாலும் ஃபோர்க் (முன்வீலைத் தாங்கும் கவை) குரோமோலியா என்று கேளுங்கள். அப்புறம் ரிம் இரட்டைச் சுவர் கொண்டதா, பேரிங் சீல் செய்ததா என்று பாருங்கள். கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களில்தான்.

கேள்வி: என் 14 வயது மகன் 29 அங்குல வண்டி கேட்டு நச்சரிக்கிறான். கூட்டமாக வீலி அடித்துக்கொண்டு போகும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. பயமாக இருக்கிறது. வாங்கித் தரலாமா?

வாங்கித் தரலாம். பயத்தை மட்டும் சரியான இடத்தில் வையுங்கள்.

அவன் பார்த்தது 'ரைட்அவுட்'. ஓரிடத்தில் கூடி, பத்து பேரோ சில நூறு பேரோ ஒன்றாக நகரைச் சுற்றுவது. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, லண்டன் போன்ற நகரங்களில் இளைஞர்களிடம் பரவி உலகம் முழுக்கப் போனது. எஸ்இ-யின் பிக் ரிப்பர் என்ற 29 அங்குல வண்டிதான் இந்தக் கூட்டத்தின் அடையாளம் மாதிரி ஆனது. நியூயார்க்கில் வீலி அடித்தே பேர் வாங்கிய டிபிளாக்ஸ் என்பவருக்காக பிளாக்ஸ் ஃப்ளையர் என்று ஒரு மாடலே வந்தது. லண்டனின் பைக்ஸ்டார்ம்ஸ் ஊர்வலத்துக்கு 'கத்தியைக் கீழே போடு, சைக்கிளை மேலே தூக்கு' என்பது கோஷம். கத்திக்குத்துகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில் அந்தக் கோஷத்துக்குக் கனம் அதிகம். அறையை விட்டு வெளியே வந்து, நாலு பேரோடு பழகி, மாதக்கணக்கில் ஒரு வித்தையைப் பழகும் பையனைப் பார்த்து நான் கவலைப்பட மாட்டேன்.

நான் கவலைப்படுவது 'ஸ்வெர்வ்' பற்றி. எதிரே வரும் கார் முன்னால் போய்க் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்புவது. இதில் திறமை என்று எதுவும் இல்லை, முழுக்க அந்த டிரைவரின் கால் பிரேக்கை நம்பிய சூதாட்டம். இதைச் செய்தால் வண்டி கையில் இருக்காது என்று வாங்கும் முன்பே மகனிடம் பேசிவிடுங்கள்.

பிரேக் விஷயமும் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறது என்று பிரேக்கைக் கழற்றிவிடும் பையன்கள் இருக்கிறார்கள். வீலியில் முன்வீல் அளவுக்கு மேல் எழும்பிப் பின்னால் சாயும்போது, பின்பிரேக்கை ஒரு விரலால் லேசாகத் தொட்டால் முன்பக்கம் இறங்கும். வீலி பழகுவது என்பதே பாதிக்கு மேல் அந்த விரலைப் பழக்குவதுதான். பிரேக் இல்லாதவன் முதுகில் விழுந்து பழக வேண்டும். பந்தயத் தடத்தில்கூடக் கையால் இயக்கும் பின்பிரேக் கட்டாயம்.

அளவை அவன் வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபிரேமின் மேல்குழாயின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கட்டும். குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்க வேண்டும். ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது தூரத்துக் கை நீட்டி விறைக்கக் கூடாது. விறைத்தால் 26 வாங்குங்கள். முகம் சுளிப்பான், பரவாயில்லை. ஹெல்மெட்டையும் வண்டி விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பழைய பிஎம்எக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எண்பதுகளின் ஒரிஜினல் பிகே ரிப்பர் என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?

பிகே ரிப்பர், பெரி கிரேமர் என்ற பந்தய வீரரின் பெயரில் எஸ்இ செய்த அலுமினிய வண்டி. குழாய்கள் உருண்டையாக இல்லாமல் தட்டையாக நீண்டிருக்கும். பழைய வடிவிலேயே திரும்பத் திரும்பப் புதிதாகவும் விட்டிருக்கிறார்கள். அந்த மறுபதிப்பும் நல்ல வண்டிதான், ஒரிஜினல் விலை கொடுக்காத வரையில். ஹேண்டில் தண்டைப் பாருங்கள். மரையில்லாத 1 1/8 அங்குல ஹெட்செட்டுக்கென்றே (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) ஃபிரேமும் ஃபோர்க்கும் செய்திருந்தால் அது எண்பதுகளின் தொடக்கத்து வண்டி இல்லை. அது வழக்கத்துக்கு வந்தது தொண்ணூறுகளில்.

அடுத்து, வண்டியைக் கவிழ்த்துப் போடுங்கள். கீழ்க்குழாய் ஹெட் டியூபோடு (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தில், நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் நகத்துக்குத் தெரியும். அங்கே சுருக்கம் இருந்தாலோ பெயின்ட் குறுக்கே மயிரிழையாக வெடித்திருந்தாலோ வண்டி எங்கோ நேராகப் போய் மோதியிருக்கிறது. அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

அது சரியாக இருந்தால் கிராங்கை (பெடல் மாட்டும் தண்டு) மெல்லச் சுற்றிச் செயினைப் பாருங்கள். ஒரு சுற்றிலேயே ஓரிடத்தில் விறைத்து ஓரிடத்தில் தொய்ந்தால் பல்சக்கரமோ கிராங்கோ கோணியிருக்கிறது. கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் டக் டக் என்றால் பேரிங் போய்விட்டது. அதை மாற்றிக்கொள்ளலாம். கிராங்கில் பெடல் ஏறும் மரை போயிருந்தால் செலவு கூடும். பின்வீலைச் சுற்றிவிட்டுப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி அலைகிறதா என்று பாருங்கள். சின்னக் கோட்டம் எடுத்துவிடலாம்.

கடைசியாக, கிராங்க் பொருந்தும் குழாயின் அடியில் பெரும்பாலும் வரிசை எண் அடித்திருக்கும். அங்கே அரம் வைத்து ராவிய தடம் இருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

கேள்வி: பெட்டியில் வந்த புது வண்டியை நாங்களே பொருத்தினோம். முதல் நாளிலிருந்தே ஹேண்டில் ஒரு மாதிரி. மூன்றாவது வாரம் பின்வீல் கோணிவிட்டது. 'ஸ்டண்ட் செய்தால் வாரண்டி இல்லை' என்கிறார்கள். ஸ்டண்டுக்குத்தானே இந்த வண்டியே?

உங்கள் கோபம் நியாயம். ஆனால் பல கம்பெனிகளின் வாரண்டித் தாளில் குதித்தல், ஸ்டண்ட், பந்தயம் மூன்றுக்கும் விலக்கு எழுதியிருக்கும். வீலி அடிக்கும் படத்தைப் போட்டு விற்றுவிட்டு, உள்ளே பொடி எழுத்தில் வீலிக்குப் பொறுப்பில்லை என்பார்கள். வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும் என்றும் பெரும்பாலும் இருக்கும்.

ஆகவே கோணல் என்று மட்டும் சொல்லாமல் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரே பக்கத்தில் சில இறுக்கமாகவும் சில தொளதொளவென்றும் இருந்தால் வீலைச் சரியாகக் கட்டவில்லை என்று வாதாடலாம். எழுத்தில், படத்தோடு, பில்லோடு கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது.

ஹேண்டில் கதை வேறாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். வீட்டில் பொருத்திய வண்டிகளில் இது சாதாரணமாக நடப்பது. ஃபோர்க்கின் கீழ்முனை முன்னோக்கி இருக்க வேண்டும். முன்வீல் கீழ்க்குழாயை ஒட்டி வந்து நின்றால் மாட்டியது தலைகீழ். திருப்பிப் போடும் வரை ஓட்டாதீர்கள். இடது பெடலுக்கு எதிர்மரை என்பதும் நினைவிருக்கட்டும், ஸ்பேனரால் பலவந்தமாக ஏற்றினால் கிராங்கின் மரை போய்விடும். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு கிராங்க் போல்ட், ஆக்சில் நட்டு, ஸ்போக் மூன்றையும் ஒருமுறை இறுக்கிச் சரிபார்ப்பது புது வண்டி எல்லாவற்றுக்கும் வேண்டியது.

கேள்வி: 20 அங்குல வண்டியிலிருந்த 44 பல் சக்கரத்தை 29-ல் போடலாமா?

பொருந்தும், மிதிக்க முடியாது. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து வீல் அளவால் பெருக்குங்கள், வரும் எண் கூடக்கூட மிதிப்பது கனக்கும். 44-16 என்பது 20 அங்குலத்தில் 55, 29-ல் ஏறக்குறைய 80. மேட்டில் இறங்கித் தள்ளுவீர்கள். 33-16 போட்டால் 60 வரும்.

கேள்வி: நின்று ஓட்ட பெக் (வீலின் அச்சுமுனையில் மாட்டும் மிதி உருளை) மாட்டலாமா?

முதலில் ஆக்சிலைப் பாருங்கள். பல பெரிய வீல் வண்டிகளில் 3/8 அங்குலம், அதாவது 10 மிமீ பக்கம்தான் இருக்கும். பெக்குகள் பெரும்பாலும் 14 மிமீ ஆக்சிலுக்குச் செய்தவை. இடையில் அடாப்டர் போட்டு மாட்டலாம், மெதுவாகப் போகும்போது ஏறி நிற்கலாம். திண்ணை விளிம்பில் பெக்கை வைத்து உராய்ந்து போவது வேண்டாம், ஆக்சில் வளையும். அந்த ஆட்டம்தான் வேண்டும் என்றால் 20 அங்குல ஃப்ரீஸ்டைல் வண்டி வாங்குங்கள்.

கேள்வி: குறைந்த எண்ணிக்கையில் விடும் சிறப்பு நிற வண்டியை வாங்கி வைத்தால் பிறகு நல்ல விலைக்குப் போகுமா?

சில போகும், பல போகாது. போன சீசன் நிறத்தைத் தள்ளுபடியில் வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் கட்டையும் போட்டுக்கொள்வதுதான் என் ஓட்டு. அப்படியும் அந்த நிறம்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் ஓட்டுங்கள். பெட்டியோடு வைத்தால் டயர் நாளடைவில் அப்படியே விரிசல் விட்டுப் போகும்.