யூனிக் போட்டும் டபுள் போகல!

கேள்வி: அண்ணே, மண்ணடில ஹார்ட்வேர் கடைல பில்லிங் பாக்குறேன், கஸ்டமர் போன் நம்பர் ஃபைல் 4 இருக்கு, லினக்ஸ்ல எல்லாத்தையும் கேட் (cat) கமாண்ட் போட்டு ஒண்ணாக்கி, டபுள் வரிய தூக்குற யூனிக் (uniq) கமாண்டுக்கு பைப் பண்ணி அனுப்புனேன், ஆனா டபுளு அப்டியே நிக்குது, இன்னா பண்றது?
- வாசகர், ராயபுரம்

பதில்: யூனிக் மேல கோவப்படாத தம்பி. அது அடுத்தடுத்த வரிய மட்டும்தான் ஒப்பிடும், ஒரே நம்பர் 3வது வரிலயும் 90வது வரிலயும் இருந்தா கண்டுக்காது, ரேஷன் கியூல முன்னாடி நிக்கிறவர் முதுக மட்டும் பாக்குற மாதிரி. மொதல்ல வரிய வரிசைப்படுத்துற சார்ட் (sort) கமாண்ட் போடு, ஒரே நம்பரெல்லாம் அடுத்தடுத்து வந்துரும், அப்புறம் யூனிக். இல்லன்னா சார்ட் கூட மைனஸ் யூ (-u) போடு, ஒரே வேலையா முடிஞ்சிரும்.

அப்பவும் போகலையா? ஏதாச்சும் ஒரு ஃபைலு விண்டோஸ்ல சேவ் பண்ணதா இருக்கும், வரி கடைசில கேரேஜ் ரிட்டர்ன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கினு இருக்கும், நமக்கு ஒரே நம்பரு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. சார்ட்டுக்கு முன்னாடியே எழுத்த நீக்குற டிஆர் (tr) கமாண்ட்ல மைனஸ் டி, பேக்ஸ்லாஷ் ஆர் (-d '\r') குடுத்து தூக்கிடு.

இன்னொண்ணு, ரிசல்ட்ட கிரேட்டர் தேன் (>) குறி போட்டு அதே ஃபைலுக்கே திருப்பிடாத, நம்ம கமாண்ட வாங்கி ஓட்டுற ஷெல்லு மொதல்ல அந்த ஃபைல காலி பண்ணிட்டுதான் சார்ட்டயே ஸ்டார்ட் பண்ணும், நானே ஒரு மாசக் கணக்க இப்டி கோட்ட விட்டவன்தான். அதே ஃபைல்லயே ரிசல்ட்ட எழுதணும்னா சார்ட்லயே மைனஸ் ஓ (-o) இருக்கு.