டேப்பை எடுத்துக்கிட்டு முதல்ல அளங்க

கேள்வி: எங்கள் கல்லூரி 1960களில் கட்டியது. பூசாத செங்கல் சுவர், காங்கிரீட் சட்டம், நீள நீளமான தாழ்வாரம். அதே வளாகத்தில் மாணவியர் விடுதியும் மாணவர் மையமும் கட்டப் போகிறோம். கமிட்டியில் பாதிப் பேர் ‘பழசு மாதிரியே இருக்கட்டும்’ என்கிறார்கள். கரஸ்பாண்டன்ட் கண்ணாடி முகப்பு கேட்கிறார். பழைய மாணவன் என்ற முறையில் கமிட்டியில் இருக்கும் நான் என்ன சொல்லட்டும்? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: ரெண்டு கட்சியும் எலிவேஷனை, அதாவது வெளித்தோற்றத்தைத்தான் பேசுதுங்க. அது கடைசிக் காரியம். தூணுக்குத் தூண் எத்தனை அடி, தாழ்வாரம் எவ்வளவு அகலம், ஒரு பிளாக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கு, இதையெல்லாம் அளந்து கமிட்டி மேசைல வைங்க. அந்தக் காலத்து ஆர்க்கிடெக்ட் பூவேலை எதுவும் செய்யலை. அவர் விட்டுட்டுப் போனது இந்த அளவுகளைத்தான். அளவு ஒத்துப்போனா புதுசு செங்கல்லா இருந்தாலும் பூச்சுச் சுவரா இருந்தாலும் உறுத்தாதுங்க.

சிகாகோவில் இல்லினாய் தொழில்நுட்பக் கழக வளாகத்தை ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ 24 அடிக் கட்டம் போட்டு அமைச்சார். நடுவே உயர்மட்ட ரயில் ஓடுது. 2003ல் ரெம் கூல்ஹாஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் அந்த ரயிலுக்கு அடியிலேயே மாணவர் மையம் கட்டி, சத்தம் அடங்க ரயில் பாதையைச் சுத்தி 530 அடி நீளத்துக்கு எஃகுக் குழாய் மாட்டினார். வரையறதுக்கு முன்னாடி, அந்தக் காலி இடத்தில் மாணவர்கள் குறுக்கே நடந்த தடங்களைப் பார்த்து, அதையே கட்டிடத்துக்குள்ள வழியா வெச்சார். மீஸ் கட்டின பழைய ‘காமன்ஸ்’ கட்டிடத்து மேல அது முட்டிக்கிட்டு நிக்கறது எனக்குப் பிடிக்கலை. தடம் பார்த்த புத்தி மட்டும் நமக்கு வேணும். உங்க வளாகத்திலயும் மெஸ்ஸுக்குப் போற ஒத்தையடிப் பாதை இருக்குமே, அதுக்கு மேல கட்டிடத்தை வெச்சு அடைச்சுடாதீங்க.

காத்தையும் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கற ஊர் உங்களது. ஆனி ஆடியில மேற்கே இருந்து வர்ற காத்தை நம்பித்தான் அந்தத் தாழ்வாரங்களைப் போட்டிருப்பாங்க. மேற்கு ஓரத்தில் அஞ்சு மாடி விடுதியை நிறுத்தினா பழைய வகுப்பறைகள் புழுங்கும். மேற்கு பார்த்த கண்ணாடின்னா பங்குனியில பிள்ளைங்க உள்ளே இருக்க முடியாது. ஏசி பில்லை யார் கட்டறதுன்னு கரஸ்பாண்டன்டைக் கேளுங்க. ஒரு தடவை கமிட்டியைப் புதுச்சேரி கோல்கொண்டே விடுதியைப் பார்க்கக் கூட்டிட்டுப் போங்க. அன்டோனின் ரேமண்ட் வடிவமைச்சு 1940களில் முடிஞ்ச காங்கிரீட் கட்டிடம். நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். சுவர் முழுக்கத் திறந்து மூடற பட்டைகள்; ஏசி கிடையாது.

இன்னொண்ணு. விடுதி பிளான்ல துணி காயப்போட இடம் யாரும் வரையறதில்லை. பொறவு முகப்புக் கைப்பிடிச் சுவர்ல நைட்டி தொங்குதுன்னு வார்டன் சத்தம் போடுவாங்க. வெயில் படற, வெளியே தெரியாத உலர்த்து முற்றம் மாடிக்கு ஒண்ணு கேளுங்க. அதுக்கு முன்னாடி, அங்கே தங்கப் போற பிள்ளைங்க ரெண்டு பேரைக் கமிட்டியில சேருங்க. இது வரைக்கும் யாராச்சும் சேர்த்தீங்களா?

கேள்வி: எங்கள் கல்லூரிப் பழைய விடுதியில் சீலிங் பேர்ந்து கம்பி தெரிகிறது. எஞ்சினியர் இடிக்கச் சொல்கிறார். – வாசகி, ஈரோடு

பதில்: புதுசு கட்டற காண்டிராக்டும் அவரே எடுக்கறாராங்க? காத்துல இருக்கற கரியமிலவாயு நாள்பட உள்ளே இறங்க, கம்பியைத் துருப்பிடிக்காம காக்கற காங்கிரீட்டின் காரம் போயிடும். பொறவு ஈரம் பட்டதும் கம்பி துருவேறி உப்பும், மேல்பூச்சைத் தள்ளும். உடைச்ச இடத்தில் காரம் பட்டா நிறம் மாறற பினாப்தலீன் திரவத்தைத் தெளிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ரோஸ் நிறம் வந்தா அங்கே காரம் இன்னும் இருக்கு. அகமதாபாத் ஐஐஎம்மில் லூயி கான் வடிவமைச்ச 18 விடுதிகளில் 14ஐ இடிக்கப் போறதா 2020 டிசம்பரில் அறிவிச்சாங்க. உலகம் பூரா எதிர்ப்பு கிளம்பி, புத்தாண்டன்னைக்கே அதை வாபஸ் வாங்கினாங்க. அதே வளாகத்து நூலகத்தைப் பழுதுபார்த்ததுக்கு 2019ல் யுனெஸ்கோ விருது கிடைச்சிருந்துச்சு.

நீங்க முதல்ல மேல்மாடி பாத்ரூம் கசிவை நிறுத்துங்க. அதை விட்டுட்டு சீலிங்கைப் பூசினா ஐப்பசி மழைக்கே மறுபடி பேரும்.