கண் நலம் கேள்வி – பதில்: கதவு நிலை வளைந்து தெரிகிறதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது கதவு நிலை வளைந்து தெரிகிறது என்கிறார். எதிரே நிற்பவரின் முகம் மட்டும் மங்குகிறதாம். மறுபடி புரையா? (வாசகி, மேலூர்)

பதில்: எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கலாம். ஆனால் அப்போது பார்வை முழுக்கப் புகை படிந்த கண்ணாடி மாதிரி இருக்குமே தவிர, கோடு வளையாது. நடுவில் மட்டும் மறைவதும் நேர்க்கோடு நெளிவதும் விழித்திரையின் மையமான மாக்குலாவில் கோளாறு என்பதைக் காட்டும். இப்படிப்பட்டவருக்கு மாட்டுத்தாவணியில் பஸ் வருவது தெரியும், போர்டில் இருக்கும் ஊர்ப் பெயர் தெரியாது.

வயதால் வரும் மாக்குலா தேய்வில் இரண்டு வகை உண்டு. உலர் வகையில் விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகள் சேரும். செல்கள் வருடக்கணக்கில் மெல்ல அழியும். ஈர வகையில் அடியிலிருந்து புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். அவற்றின் சுவர் வலுவற்றது. நீரும் ரத்தமும் கசிந்து விழித்திரை மேடு தட்டும். கோடு வளைவது பெரும்பாலும் அந்த மேட்டால்தான். தழும்பாகிவிட்ட இடத்தில் பார்வை திரும்பாது. எனவே சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று தள்ளாமல், இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையாலும் மாக்குலா வீங்கலாம், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் காரணத்தைப் பிரித்துக் காட்ட உதவும். அதில் வலி கிடையாது, சில நிமிட வேலை. கண்மணி விரிய சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் கூசும்; துணைக்கு ஆள் போகட்டும்.

கேள்வி: எனக்கு உலர் வகை என்றார்கள். வீட்டில் எப்படிக் கவனிப்பது? கீரையும் மாத்திரையும் போதுமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: வெள்ளைத் தாளில் 10 செ.மீ. சதுரம் போட்டு, அரை செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். இதுதான் ஆம்ஸ்லர் கட்டம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், ஒரு அடி தூரத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றதால் புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். புதிதாகக் கோடு நெளிந்தாலோ, ஒரு கட்டம் காணாமல் போனாலோ உடனே கிளம்புங்கள்.

மாத்திரை எல்லாருக்கும் அல்ல. ட்ரூசன் நடுத்தர அளவைத் தாண்டியவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான் பயன். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சோதித்த கலவை: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி., லூட்டீன் 10 மி.கி., ஸீயாஸாந்தின் 2 மி.கி. (கடைசி இரண்டும் செடிகளில் உள்ள மஞ்சள் நிறமிகள்). கடையில் வாங்கும்போது அட்டையில் அளவைச் சரிபாருங்கள். இது போன பார்வையை மீட்காது, முற்றுவதைத் தாமதப்படுத்தும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், விட்டவர்கள்கூட, பீட்டா கரோட்டின் சேர்ந்த மாத்திரையைத் தொடவேண்டாம். நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும். புகையை நிறுத்துவது எந்த மாத்திரையையும்விட மேல். முருங்கைக்கீரையில் லூட்டீன் உண்டு. கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக்கூடாது.

கேள்வி: கண்ணுக்குள் மூன்று ஊசி போட்டாயிற்று. இன்னும் வேண்டுமாம். எதற்கு? (வாசகர், திருமங்கலம்)

பதில்: ஈர வகைக்குப் போடும் இந்த ஊசி மருந்து ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதத்தைக் கட்டிப்போடும், ஒன்றிரண்டு மாதத்தில் அதன் வேகம் குறையும், கசிவு திரும்பும். பொதுவாக மாதம் ஒன்றாக மூன்று ஊசி. பிறகு ஸ்கேனைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். பார்வை தெளிந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. செலவு பயமுறுத்தினால், விலை குறைந்த பெவாசிஸுமாப் என்ற ஊசி மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஊசி போட்ட இடத்தில் வெள்ளை விழி சிவந்தால் பயமில்லை, தானே கரையும். ஆனால் அடுத்த சில நாளில் வலி ஏறிக்கொண்டே போய், பார்வையும் மங்கினால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.