‘ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க!’ – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அடுத்த மாதம் என் கணவரின் நண்பர் வீட்டில் மூன்று நாள் தங்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு ராட்வைலர் இருக்கிறது, நாலு வயது ஆண் நாய். போனில் கேட்டால் “ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க” என்கிறார்கள். எனக்குப் போட்டோவைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆறு வயதுப் பையனும் கூட வருகிறான். முதல் தடவை பார்க்கும்போது கையை நீட்டி மோந்து பார்க்க விட வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: நாய் வளர்ப்பவர்கள் ‘ஒண்ணும் பண்ணாது’ என்று சொன்னால், ‘எங்களை இதுவரை ஒன்றும் பண்ணினதில்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாவம். அவர்கள் தினமும் பார்க்கிற நாய் அப்படித்தான் இருக்கிறது. அதனால் அந்த வார்த்தையை நம்பவும் வேண்டாம், அதற்காகச் சண்டை போடவும் வேண்டாம், கேள்வியை மாற்றிக் கேளுங்கள். கடைசியாக வெளியாள் யார் வந்து தங்கினார்கள், அப்போது நாய் எங்கே இருந்தது, சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா, இதுவரை யார் மேலாவது பல் பட்டிருக்கிறதா? பதில் வருவதற்கு முன்னால் வரும் தயக்கத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வீடு அந்த நாயின் பொறுப்பில் இருக்கிற இடம், தெரு அப்படி இல்லை. வாசலுக்கு வந்ததும் போன் செய்யுங்கள், நீங்களாகக் கேட்டைத் திறக்க வேண்டாம். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி இருந்தால் கழற்றிவிடுங்கள், முகம் தெரியாத ஆளைக் கண்டால் நிறைய நாய்களுக்குப் பிடிப்பதில்லை. நண்பர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே வரட்டும். நேருக்கு நேர் போய் நிற்காமல், நடுவில் நாலைந்து மீட்டர் இடைவெளி விட்டு, எல்லோரும் ஒரே திசையில் ஒரு பத்து நிமிஷம் நடந்துவிட்டு வாருங்கள். விருந்துக்கு வந்த இடத்தில் முதல் வேலையாகத் தெருவில் நடப்பதா என்று இருக்கும், பரவாயில்லை, நடங்கள். நடக்க நடக்க அதன் உடம்பு தளர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரே ஒரு நிபந்தனை, கயிறு தொய்வாக இருக்க வேண்டும். நண்பர் பயந்துபோய் இழுத்துப் பிடித்தால் ‘இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது’ என்று அவரே நாய்க்குச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

இப்போது கை நீட்டும் விஷயம். வேண்டாம். உங்கள் வாசனை நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபோதே அதற்குப் போய்விட்டது, மூக்கடியில் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை. கை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் குனிகிறார்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறார்கள், கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூன்றுமே நாய் பாஷையில் மரியாதைக்குறைவு. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நண்பரோடு பேசிக்கொண்டிருங்கள். அது வந்து மோந்து பார்த்தால் பார்க்கட்டும். மோந்து பார்ப்பது விசாரணை, கொஞ்சச் சொல்லும் அழைப்பு இல்லை. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு மண்டையில் தட்டிக்கொடுக்கப் போகிறார்கள். அது தானாகச் சாய்ந்து நின்றால், மார்பையோ தோளையோ மூன்று விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி வந்து ஒட்டினால் தொடரலாம். விலகிப் போனால் விட்டுவிடுங்கள். பழக்கமா இல்லையா என்பதை முடிவு செய்வது அதன் வேலை, உங்கள் வேலை அலுப்பூட்டும் ஆளாக இருப்பது.

உள்ளே போனபின் இன்னொரு கட்டம் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை, நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன், அந்த வீட்டு நாய் என் செருப்பு மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரே பெருமை. நேரமாகிவிட்டது என்று சடாரென்று எழுந்து, வீட்டுக்காரரின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். செருப்பு மேலிருந்த கனம் போனது தெரிந்தது. குனிந்து பார்த்தால் நாய் நின்றுகொண்டிருக்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது, மூச்சு விடுகிறதா என்றே தெரியவில்லை. அவர் என் கையை மெல்ல எடுத்துவிட்டு, “அப்படியே உட்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கிற விருந்தாளி வேறு, எழுந்து நடமாடுகிற விருந்தாளி வேறு; காவல் நாய்க்கு அது புது ஆள் கணக்குதான். எழுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மெதுவாக எழுங்கள், கட்டிப்பிடிப்பது, ஓங்கித் தட்டுவதெல்லாம் வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போக எழுவீர்கள் இல்லையா, அதற்காகவே படுக்கப் போகும்முன் நாயை அதன் அறையில் விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். நண்பர் வீட்டில் இல்லாத நேரத்தில் நீங்கள் வெளியே போய்விட்டுத் தனியாக உள்ளே நுழையவும் வேண்டாம். அவர் இருக்கும்போது உங்களை ஏற்றுக்கொண்ட நாய், அவர் இல்லாதபோதும் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

பையன் விஷயத்தில் நான் கறார். நாயும் அவனும் ஒரே அறையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர், போன் பார்க்காமல், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் நடுவில் ஒரு மூடிய கதவு. ஆறு வயசுக்காரன் தரையில் உட்கார்ந்தால் அவன் முகம் நாயின் வாய்க்கு நேரே வரும், அவனுக்கோ கட்டிப்பிடிக்கத் தோன்றும். ஓடாதே, அது தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கிட்டே போகாதே, கட்டிப்பிடிக்காதே என்று மூன்றை மட்டும் சொல்லிக் கூட்டிப் போங்கள். பத்து விதி சொன்னால் ஒன்றும் நிற்காது.

கேள்வி: வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன் நான். வால் ஆட்டுகிற நாய் கடிக்காது, குரைக்கிற நாயும் கடிக்காது என்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்கிற நாயை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: பழமொழியை எழுதினவர் நாயைக் கேட்டுவிட்டு எழுதவில்லை. குரைக்கிற நாய் கடிக்கும், ஆனால் குரைப்பது ‘அங்கேயே நில்’ என்று சொல்வது. நின்றீர்களானால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாயை மூடி அசையாமல் நின்றால் அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

வால் ஆடுவது நாய்க்கு உள்ளே ஏதோ கிளர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும், நட்பா பகையா என்று சொல்லாது. இடுப்பும் சேர்ந்து ஆடி, வாய் திறந்து, உடம்பு வளைந்து வளைந்து வந்தால் நல்லது. உடம்பு கட்டை மாதிரி விறைத்திருக்க, கொடிக்கம்பம் போல் நிமிர்ந்த வால் நுனி மட்டும் படபடவென்று ஆடினால் இரண்டடி பின்னால் போங்கள். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். தன் எஜமானரைப் பார்க்கும் நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது, மிரட்டலான அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம். கேட்டுக்கு வெளியே நின்று அதை அளந்துகொண்டிருக்க முடியாது, அதோடு ராட்வைலர், டாபர்மான்களில் பலவற்றுக்குக் குட்டியிலேயே வாலை வெட்டியிருப்பார்கள், பார்க்க வாலே இருக்காது. அதனால் முகத்தைப் பாருங்கள், முறைக்காமல். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, சாப்பிடாமலே உதட்டை நக்குவது, இதெல்லாம் ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்பதன் முதல் வரி. உறுமல் அதற்கு அப்புறம்தான் வரும்.

உங்கள் வேலைக்கு ஒன்று: சங்கிலியில் கட்டின நாய்க்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தால், சங்கிலி எவ்வளவு தூரம் வரும் என்று தரையில் தேய்ந்திருக்கும் வட்டத்தைப் பாருங்கள், அதற்கு வெளியே நில்லுங்கள். திரும்பி வரும்போது முதுகைக் காட்டி வேகமாக நடக்காதீர்கள். காவல் நாயில் ஒரு ரகம், ஆள் போகும்போதுதான் பின்னங்காலைப் பிடிக்கும்.

கேள்வி: நடைப்பயிற்சியில் கயிறில்லாமல் ஒரு பெரிய நாய் நேராக ஓடி வந்தால்? நான் ஓடினேன், கீழே விழுந்தேன், நல்லவேளை நாய் மோந்துவிட்டுப் போய்விட்டது.

பதில்: ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்று தேடாதீர்கள், ஓடவும் வேண்டாம். வளர்ந்த நாயை மனுஷன் ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது, ஓடுகிற எதையும் துரத்து என்று அதன் ரத்தத்தில் இருக்கிறது. நில்லுங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள், கைகளை உடம்போடு சேர்த்துக்கொள்ளுங்கள், பார்வையைத் தரைக்குக் கொண்டுபோங்கள், கத்தாதீர்கள். கையில் பையோ குடையோ இருந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் பிடியுங்கள், ஓங்காதீர்கள். கவ்வ வந்தால் அதைக் கவ்வட்டும். அதன் ஆர்வம் குறைந்ததும் பின்னோக்கி மெதுவாக நகருங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்து, முகத்தையும் காதையும் கையால் மூடிக்கொண்டு அசையாமல் இருங்கள்.

பல் பட்டுத் தோல் கிழிந்தால், கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. பொடி, பற்று எதையும் அப்பாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாய்க்காரர் தடுப்பூசி அட்டையைக் காட்டினால் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம்.

கேள்வி: எங்கள் டாபர்மான் விருந்தாளிகளைப் பார்த்து உறுமுகிறான். அடித்துப் பார்த்துவிட்டோம், கேட்கவில்லை.

பதில்: கேட்கவில்லை என்று சந்தோஷப்படுங்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், ஆளைப் பிடிக்காமல் இருப்பதை விடாது. அடுத்த தடவை சத்தமில்லாமல் பல் படும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் வரி வசூல் வேலை பார்த்த லூயிஸ் டாபர்மான் என்பவர், தனக்குத் துணையாக வருகிற காவல் நாய் வேண்டும் என்று உருவாக்கிய இனம் அது. அந்நியரைச் சந்தேகப்படுவதற்காகவே பிறந்தவனை அதற்காக அடித்தால் அவன் என்னதான் செய்வான்?

உறுமினால் தூரத்தைக் கூட்டுங்கள், உள் அறைக்குக் கூட்டிப் போங்கள். விருந்தாளி வந்து உட்கார்ந்து அடங்கியபின், கயிற்றோடு, அவன் உறுமாத தூரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, அவர்களை அமைதியாகப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரு பிஸ்கட் கொடுங்கள். விருந்தாளி கையால் கொடுக்கச் சொல்லாதீர்கள், பிஸ்கட் ஆசையில் கிட்டே வந்துவிட்டு, பிஸ்கட் தீர்ந்ததும் அந்நியர் மடியில் நிற்கிறோம் என்று திடுக்கிடுவான். வாயில் மாட்டுகிற கூடையையும் பழக்குங்கள், மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற அகலமான வகையாக. முதல் வாரம் மாட்டவே வேண்டாம், கூடைக்குள் பிஸ்கட்டைப் போட்டு மூக்கை அவனாக நுழைக்க விடுங்கள்.